தென்கிழக்கில் பத்தொன்பது டிகிரி

மே மாதக் கடைசியில் ஒரு நாள், வேல்ஸ் நாட்டுச் சிற்றூர் ஒன்றில், சிற்றாலயத்தின் செயலாளர் மென்னா, எலினெட்டின் வீட்டுக்கு வந்தாள். தேநீரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, மழையைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் பேசிவிட்டு, கோப்பை ஆறிப்போன பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தங்கள் சிற்றாலயத்தில் படமெடுத்துப் போன பாமாலை நிகழ்ச்சியை வெல்ஷ் மொழிச் சானலில் மறுபடி போடப் போகிறார்கள். ஜூன் மூன்றாம் ஞாயிறு, மாலை ஏழரை மணிக்கு.

அந்தப் பாடகர் கூட்டத்தில் கீழ்க்குரல் வரிசையில் எலினெட்டின் மகன் யெஸ்டின் நின்றிருந்தான். அப்போது அவனுக்குப் பதினெட்டு வயது. இருபத்துநான்கில் போய்விட்டான்.

அவன் அப்பாவைப் போலவே லைன்மேன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஜூன் மாதப் புயலில் மலைப்பண்ணை ஒன்றுக்கு மின்சாரம் நின்றுபோனது. அறுந்த கம்பியைக் கட்ட மரக் கம்பத்தில் ஏறினான். கம்பம் அடியோடு முறிந்து அவனையும் சேர்த்துக்கொண்டு விழுந்தது. மண்ணுக்குள் இருந்த பாகம் உளுத்துப் போயிருந்தது என்று விசாரணையில் சொன்னார்கள். யார் மேலும் குற்றமில்லை என்றும் சொன்னார்கள்.

அவன் அப்பா இத்வால் அந்த வாரமே வேலையை விட்டார். முப்பத்தெட்டு வருஷம் கம்பமும் கம்பியுமாக வாழ்ந்த மனிதர் அதற்குப் பிறகு ஒரு ஸ்பேனரைக் கூடக் கையால் தொடவில்லை. வீட்டில் பல்பு போனால் எலினெட்தான் நாற்காலி போட்டு ஏறி மாற்றினாள். ஜூன் நெருங்கினால் அவருக்கு ஊரில் இருப்புக் கொள்ளாது. தங்கும் வண்டியான கேரவனைக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு வடக்கே ஸ்காட்லாந்துக்குக் கிளம்பிவிடுவார். முதல் வருஷம் கல்லறைக்குப் போக வேண்டும் என்று எலினெட் ஊரிலேயே இருந்துவிட்டாள். ஐந்தாம் நாள், அவர் கேரவனை நிறுத்தியிருந்த முகாமின் சொந்தக்காரி தொலைபேசியில் கூப்பிட்டாள். உங்கள் வீட்டுக்காரர் மூன்று நாளாகக் கதவைத் திறக்கவில்லை, தட்டினால் இருமல் மட்டும் கேட்கிறது என்றாள். மறு வருஷத்திலிருந்து எலினெட் கூடவே போனாள்.

மென்னா வந்துபோனதை அவள் அவரிடம் ஒளிக்கவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது மென்னா சொன்னதை அப்படியே சொன்னாள். இத்வால் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் சேர்த்து வைத்தார்.

"நீ இருந்து பாரு. நான் போறேன்."

அவ்வளவுதான் பேச்சு. நிகழ்ச்சியை டேப்பில் பதிந்து வைக்கிறேன் என்று மென்னா சொல்லித்தான் இருந்தாள். ஆனால் எலினெட்டுக்கு மனம் அதில் அடங்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் அவனைப் பார்ப்பார்கள். இறைச்சிக் கடைக்காரர் பார்ப்பார், அவன் பள்ளிக்கூட வாத்தியார் பார்ப்பார். பெற்றவள் மட்டும் எங்கோ ஒரு ஏரிக்கரையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாளா? போனவனையும் விட முடியாது, இருக்கிறவரையும் தனியே அனுப்ப முடியாது. இன்றுபோல எதையும் கைப்பேசியில் பார்த்துவிடுகிற காலமும் இல்லை அது. வேல்ஸைத் தாண்டிவிட்டால் சாதாரண ஆன்டெனாவில் அந்தச் சானல் வராது. சாட்டிலைட் டிஷ் இருந்தால் வரும். ஆகவே மறுநாள் அவள் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு, இருபது மைல் தள்ளியிருந்த கேரவன் சாமான் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் கெத்தின் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டே அதைத் தேடுகிற ஆள். எங்கே போகிறீர்கள், எத்தனை நாள், யார் மாட்டப் போகிறார்கள் என்று டாக்டர் மாதிரி கேட்டார். கடைசிக் கேள்விக்கு எலினெட் நான்தான் என்றபோது கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு மூன்று வித டிஷ்ஷைக் காட்டினார்.

முதலாவது கூரைமேல் பொருத்துவது. கவிழ்த்த வெள்ளைப் பானை மாதிரி இருந்தது. பட்டனை அமுக்கினால் உள்ளே இருக்கும் டிஷ் தானாகச் சுற்றி சாட்டிலைட்டைக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

"கூரைல ஓட்டை போடணுமா?" என்று கேட்டாள் எலினெட்.

"நாலு."

வேண்டாம் என்றாள். மழைநீர் இறங்காமல் அந்தக் கூரையை அடைக்க இத்வாலும் யெஸ்டினும் ஒரு குளிர்காலம் முழுக்கச் செலவழித்திருந்தார்கள். இரண்டாவது, வண்டியின் பக்கவாட்டில் ரப்பர் கிண்ணத்தால் ஒட்டிக்கொள்வது. சின்னது, லேசானது. பலத்த காற்றுக்கு அது தாங்கும் என்று தன்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்றார் கெத்தின். மூன்றாவது, முக்காலியில் நிற்கும் சாதாரண டிஷ். எல்லாவற்றையும் கையாலேயே திருப்பிக் குறிபார்க்க வேண்டும்.

"இதுல எது தப்பாப் போகாது?"

"எல்லாமே போகும்மா. முக்காலின்னா, போன தப்பைத் தூக்கிட்டுப் போய் வேற எடத்துல வச்சுப் பாக்கலாம். மத்த ரெண்டும் வண்டி எங்க நிக்குதோ அங்கதான். முன்னால ஒரு மரம் நின்னா முடிஞ்சது கதை."

அவள் முக்காலியை எடுத்தாள். அளவிலும் கெத்தின் ஒரு பாடம் வைத்திருந்தார். அத்தனை வடக்கே, அதுவும் மேற்குக் கரையில், சின்ன டிஷ் பத்தாது. மழை வந்தால் படம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். எண்பது சென்டிமீட்டர் எடுங்கள் என்றார். கூடவே சிக்னல் வந்தால் விசில் அடிக்கும் ஒரு மீட்டர், காம்பஸ், ரசமட்டம், இருபது மீட்டர் கேபிள், சிக்னலைப் படமாக மாற்றி டிவிக்கு அனுப்பும், பேட்டரியில் ஓடும் ஒரு பெட்டி. கடைக்குப் பின்னால் இருந்த முற்றத்தில் ஒரு மணி நேரம் அவளை மாட்டிக் கழற்ற வைத்தார். அவர்கள் போகிற ஊரில் தென்கிழக்கே திருப்பி, தரையிலிருந்து பத்தொன்பது டிகிரி உயரம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். டிஷ் தரையைப் பார்க்கிற மாதிரிதான் தெரியும், அதுதான் சரி, கண்ணை நம்பாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னார்.

எலினெட் டிஷ் சாமான்களைக் கட்டாகக் கேரவனின் முன்பக்கப் பெட்டகத்தில் திணித்து வைத்தாள். இத்வால் கேட்கவில்லை. ஆனால் கிளம்பும் காலையில் அதை வெளியே எடுத்து, சக்கரத்துக்கு நேர் மேலே வண்டித் தரையில் கிடத்தி, உருளாமல் போர்வையை அண்டக் கொடுத்தார். முன்பக்கம் பாரம் ஏறினால் இழுக்கும் காரின் பின்பக்கம் அழுந்திவிடும். டிஷ்ஷைப் பற்றி அவர் சொன்னது அது ஒன்றுதான், அதுவும் கையால்.

வெள்ளி மாலை ஏரிக்கரை முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். முகாம் நிறைந்திருந்தது. கிடைத்த இடம் மலையடிவாரத்தில், வெள்ளைப் பட்டைப் பூர்ச்ச மரங்களுக்குக் கீழே. பக்கத்து இடத்தில் யார்க்‌ஷயர்காரர் ஒருவர். ஹெட்லி என்று பெயர், இறைச்சிக் கடையை விற்றுவிட்டு ஓய்வாகச் சுற்றுகிறவர். அவர் வண்டியின் கூரையில் அந்த வெள்ளைப் பானை இருந்தது. அதற்குள்ளிருந்து மோட்டார் முனகும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது.

"ரெண்டு நாளாச் சுத்துது," என்றார் ஹெட்லி. "என் வண்டியை வித்தாக்கூட அந்தப் பானை வெலைக்குப் போகாது. கிரிக்கெட் பாக்கலாம்னு வந்தேன். அது மலையைப் பாத்துட்டு 'சிக்னல் இல்லை', மரத்தைப் பாத்துட்டு 'சிக்னல் இல்லை'ங்குது. இதைச் சொல்ல எனக்கு மிஷின் எதுக்கு? என் சம்சாரம் உயிரோட இருந்தப்போ சும்மாவே சொல்லுவா."

சனிக்கிழமை காலை எலினெட் வேலையை ஆரம்பித்தாள். காற்று இல்லை, எள்ளளவு கடிபூச்சிகள் புகையாக மொய்த்தன. தலையில் வலைத்துணியைக் கட்டிக்கொண்டு முக்காலியை விரித்தாள், ரசமட்டம் வைத்துக் காலை நேராக்கினாள், காம்பஸைப் பார்த்தாள். வண்டியின் இரும்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் ஊசி பொய் சொன்னது என்று அவளுக்கு முக்கால் மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. கெத்தின் அத்தனை சொல்லியும், சாட்டிலைட் வானத்தில்தானே இருக்கிறது என்று கை தன்பாட்டில் டிஷ்ஷை அண்ணாந்து திருப்பிவிட்டது. மீட்டர் வாய் திறக்கவில்லை. பிறகு சீட்டைப் பார்த்துத் தாழ்த்தினாள். திடீரென்று மீட்டர் கீச்சிட்டது. ஓடிப்போய்ப் பெட்டியைப் போட்டால், திரையில் ஒரு குண்டுப் பெண்மணி எந்த நாட்டு மொழியிலோ பேசிக்கொண்டு கத்தரிக்காய் வதக்கிக்கொண்டிருந்தாள்.

ஹெட்லி சன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "அம்மணி, உங்க வெல்ஷ் மொழி இவ்வளவு புரியும்னு நான் நெனைக்கலையே."

வானத்தில் சாட்டிலைட்டுகள் வரிசையாக நிற்கின்றன, மீட்டர் எதைக் கண்டாலும் விசில் அடிக்கும், தப்பானது கிடைத்தால் இன்னும் கிழக்கே போங்கள் என்று கெத்தின் சொன்னது நினைவுக்கு வந்தது. நூல் நூலாகக் கிழக்கே திருப்பினாள். மீட்டரின் சத்தம் செத்துப்போனது. நிமிர்ந்து பார்த்தால், டிஷ்ஷுக்கு நேரே பூர்ச்ச மரங்களும் அவற்றின் பின்னே மலைத் தோளும். அந்தக் கோணத்தில் அங்கிருந்து எதுவும் வராது.

முக்காலி வாங்கியது இதற்குத்தானே என்று டிஷ்ஷைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். ஏரி விளிம்பில், படகு இழுத்துப் போடும் சரிவுக்குப் பக்கத்தில் நின்றால் மலை இறங்கி வானம் திறந்தது. ஆனால் அது வண்டியிலிருந்து நாற்பது தப்படி. கேபிள் பாதி வழியிலேயே முடிந்துவிட்டது. ஹெட்லி தன் பெட்டகத்தைக் குடைந்து ஒரு சுருள் கேபிளைக் கொண்டுவந்து கொடுத்தார். அதற்கும் இதற்கும் முனைகள் பொருந்தவில்லை. எலினெட் கேரவன் படியில் உட்கார்ந்து, சமையல் கத்தியால் முனையைச் சீவி, திருகுப் பின்னை மாட்டி இணைத்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி சீவினாள். வரவில்லை. விரலை அறுத்துக்கொண்டு மூன்றாம் முறை சீவும்போது, பின்னால் மேசையருகே இருந்து இத்வாலின் குரல் வந்தது.

"உள்கம்பியை ஒரு இழை தொட்டுக்கிட்டு இருக்கு."

அவள் திரும்பாமல் கத்தியைப் பின்னால் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"நீயே பண்ணு. வெளிப் பின்னலைப் பின்னால மடிச்சு விடு. ஒரு முடி கூட முன்னால வரக் கூடாது. அவசரப்படாதே."

அவர் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். வெள்ளை உறையைச் சுற்றி எத்தனை ஆழம் வெட்ட வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், கடைசியில் டேப்பை எந்தப் பக்கமாகச் சுற்றினால் மழைநீர் உள்ளே இறங்காது என்று எல்லாம் சொன்னார். கை மட்டும் வரவில்லை. மாலை நான்கு மணிக்கு ஏரிக்கரையில் மீட்டர் அடித்த விசில், மறையவே இல்லை. வண்டிக்கு ஓடிவந்தாள். உள்ளே ஒரு பெண் வெல்ஷில் வானிலை சொல்லிக்கொண்டிருந்தாள். நாளை மேற்கிலிருந்து பலத்த காற்று, மழை. இத்வால் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே நடக்கப் போய்விட்டார்.

வானிலைக்காரி சொன்னபடியே வந்தது. ஞாயிறு மத்தியானம் கடிபூச்சிகள் ஓய்ந்தன, ஏரி கறுத்தது, மழை சாய்வாக அடிக்கத் தொடங்கியது. எலினெட் முக்காலியின் மூன்று காலுக்கும் முளை அடித்தாள். நடுவில் இருபது லிட்டர் தண்ணீர்க் கேனைக் கட்டித் தொங்கவிட்டாள். ஏழு மணிக்கு டிஷ் அசையாமல் நின்றது. சூப்பைச் சுட வைத்து இத்வாலுக்கு ஊற்றிக் கொடுத்தாள். அவர் நேற்றைய நாளிதழை விரித்துக்கொண்டு, டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

ஏழரைக்கு நிகழ்ச்சி தொடங்கியது. முதலில் ஊர் வந்தது: பாலம், கடைத்தெரு, இப்போது மூடிப்போன தபால் நிலையம். பிறகு சிற்றாலயத்தின் மாடி. மென்னா கறுத்த தலைமுடியோடு இருந்தாள். முதல் பாட்டு பெண்களுடையது. எலினெட் முழங்கையை முழங்காலில் ஊன்றி, திரைக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது பாட்டின் நடுவில் காற்று வண்டியைப் பிடித்து உலுக்கியது. திரையில் ஒருவரின் முகம் சதுரம் சதுரமாகச் சிதறி, அப்படியே உறைந்து, கறுப்பானது.

அவள் மேற்கோட்டைக் கூட எடுக்காமல் இறங்கி ஓடினாள். காற்றுப் பக்கத்து முளை பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. டிஷ் ஒரு சாண் திரும்பியிருந்தது. ஈர மண்ணில் முளை நிற்கவில்லை. டிஷ்ஷின் முன்னால் போகக் கூடாது என்பது நினைவிருந்தது. பின்னால் மண்டியிட்டு, முக்காலியின் தண்டை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். மீட்டர் வண்டிக்குள் மேசைமேல் இருந்தது.

"இத்வால்! வருதா பாரு!"

காற்று அவள் குரலை ஏரிக்குள் கொண்டுபோய்ப் போட்டது. மறுபடி கூப்பிட்டாள். ஹெட்லியின் கதவு திறந்தது. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டே இறங்கியவர், ஒரு பார்வையில் விஷயத்தைப் புரிந்துகொண்டு, வண்டிக்கும் ஏரிக்கும் நடுவில் வந்து நின்றார். அங்கிருந்து இத்வாலைக் கூப்பிட்டு, படம் வருகிறதா என்று கேட்டார். பிறகு கேரவன் கதவில் இத்வால் தெரிந்தார். உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார்.

"வரலையாம்!" என்று ஹெட்லி கத்தினார். "இன்னும் எடதுபக்கமாம்!"

அவள் இடதுபக்கம் நகர்த்தினாள்.

"ரொம்பப் போயிட்டீங்களாம்! கொஞ்சம் திரும்பி வாங்க! கொஞ்சம்னா கொஞ்சம்தான் அம்மணி!"

மழை அவள் கழுத்து வழியாக இறங்கியது. தண்டின் இரும்பு உள்ளங்கையில் சில்லிட்டது. ஒரு மயிரிழை நகர்த்தினாள், நிறுத்தினாள்.

"வந்திருச்சாம்! அப்படியே நில்லுங்க!"

கையை எடுத்துப் பார்த்தாள். டிஷ் உடனே ஆடியது. மறுபடி பிடித்துக்கொண்டாள். ஹெட்லியைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொல்லிவிட்டு ஓடலாம். ஆனால் கை மாறுகிற நேரத்தில் போய்விட்டால்? இத்தனை நேரத்துக்குள் நான்காம் பாட்டு வந்திருக்கும். அதில்தான் ஆண்களின் வரிசையைக் கிட்டத்தில் காட்டுவார்கள். உள்ளே போகவும் முடியாமல், விடவும் முடியாமல் அவள் மண்டியிட்டிருந்தபோது, ஹெட்லி வண்டிப் பக்கம் காதைச் சாய்த்து எதையோ கேட்டுவிட்டுத் திரும்பினார்.

"பையன் வந்துட்டான்னு சொல்லச் சொல்றாரு! நீங்க அசையக் கூடாதாம்!"

எலினெட் அசையவில்லை.

"எந்தப் பையன்?" என்றார் ஹெட்லி. அவர் கிட்டே வந்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு வேறொன்றும் கேட்காமல் எதிரே மண்டியிட்டு, முக்காலியின் பிடுங்கிய காலைத் தன் பெரிய கையால் மண்ணோடு அழுத்திக்கொண்டார். கேரவன் கதவு திறந்தே கிடந்தது. அங்கிருந்து பாட்டு வந்தது, காற்று விட்டபோது கேட்டது, அடித்தபோது கேட்கவில்லை. நாலு குரல் பாட்டில் ஒரு குரலைப் பிரித்துக் கேட்க அவள் முயன்றாள். முடியவில்லை. அவன் அங்கே பாடிக்கொண்டிருக்கிறான், அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. மூன்று வருஷமாக மகனுடைய பெயர் வரும் அறையிலிருந்து எழுந்து போன மனிதர் பார்த்துக்கொண்டிருக்கிறார். கை மரத்துப் போகும்வரை அவள் தண்டை விடவில்லை.

கடைசியில் இத்வாலே மழையில் இறங்கி வந்தார். தொப்பி இல்லை. அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகத் தண்டிலிருந்து பிரித்தெடுத்தார். முடிஞ்சது, வா என்றார். ஹெட்லிக்குக் கைகொடுத்து எழுப்பிவிட்டார். ஹெட்லி தலையை மட்டும் அசைத்துவிட்டுத் தன் வண்டிக்குப் போனார்.

உள்ளே வந்ததும் அவர் துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டினார். அவராகவே சொன்னார்.

"மூணு தடவை காட்டினாங்க. பக்கத்துல நின்ன பையன் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சிருக்கான் போல. நம்ம ஆளு பாடிக்கிட்டே தன்னோடதை அவன் பக்கம் சாய்ச்சுக் காட்டறான். காமிரா இருக்கறது தெரியவே இல்லை அவனுக்கு. அப்புறம் ஒரு எடத்துல மூச்சு விட மறந்துட்டு, சிரிப்பு வந்து, தலையைக் குனிஞ்சுக்கிட்டான்." அவள் காதோரத்து ஈரத்தை ஒற்றினார். "நீ பாக்கணும்னு வாங்கினது. நான் பாத்துட்டேன்."

"பாத்தா என்ன. யாராவது பாக்கணும்."

அவர் துண்டை மடித்து வைத்தார். மறுபடி பிரித்தார். ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அந்தக் கம்பத்தைத் தட்டிப் பாத்தது நான்தான், எலினெட். அவன் ஏறறதுக்கு ரெண்டு வருஷம் முன்னால. சுத்தியலால தட்டினேன், கெட்டியாக் கேட்டுச்சு. நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்தேன்."

"தெரியும்."

அவர் திரும்பினார்.

"விசாரணை அறிக்கை வந்தப்போ நீ தூங்கிட்டிருந்தே," என்றாள் அவள். "அடுக்களைல உக்காந்து முழுக்கப் படிச்சேன். கடைசிப் பட்டியல்ல உன் கையெழுத்து இருந்துச்சு. முப்பத்தஞ்சு வருஷமாப் பாக்கற கையெழுத்து."

"ஏன் கேக்கலை?"

"கேட்டா என்ன சொல்வேன்னு எனக்கே பயமா இருந்துச்சு. ஒரு வருஷம் உன்னை நான் மன்னிக்கலை. உனக்குச் சாப்பாடு வச்சுட்டுப் பக்கத்து ரூம்ல போய் நின்னுக்குவேன். நீ பாத்திருப்பே."

"பாத்தேன். துக்கம்னு நெனச்சேன்."

"துக்கமும்தான்."

"இப்போ?"

அவள் யோசித்துத்தான் சொன்னாள். பொய் சொல்கிற நேரமில்லை அது.

"மண்ணுக்குள்ள இருந்த உளுப்பு எந்தச் சுத்தியலுக்கும் கேட்டிருக்காது. அறிக்கைல அதுவும் இருக்கு. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சில நாள் அந்த நெனப்பு வருது. வந்தா வந்துட்டுப் போகட்டும்னு இருந்துடறேன். உன்னை விட்டுப் போகணும்னு ஒருநாளும் தோணலை."

இத்வால் மேசையருகே உட்கார்ந்தார். அழுதார். சத்தமில்லாமல், நெடுநேரம் அழுதார். மகன் போன நாளிலிருந்து அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அவள் ஈரத் துணியை மாற்றிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். அவர் சொல்லச் சொல்ல, அந்த மூன்று காட்சிகளையும் திரும்பத் திரும்பக் கேட்டாள். என்ன சட்டை, எந்தப் பக்கம் வகிடு, குனிந்தபோது யாராவது பார்த்தார்களா. வடக்கின் ஜூன் மாத வெளிச்சம் சன்னலில் வெகுநேரம் மங்காமல் நின்றது.

மறுநாள் காற்று ஓய்ந்தது. எலினெட் எழுந்து வந்தபோது இத்வால் ஏரிக்கரையில் இருந்தார். முக்காலியை வேறு இடத்தில், கல் தரையில் நிறுத்தி, ஸ்பேனரால் இறுக்கிக்கொண்டிருந்தார். அவள் செய்த இணைப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று அப்படியே திரும்ப மூடியிருந்தார். ஹெட்லி பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, வெல்ஷ்காரன் கையில் கிரிக்கெட் வருகிறதா என்று பார்ப்போம் என்று வம்பிழுத்துக்கொண்டிருந்தார். கேபிள் இப்போது அவர் வண்டிக்குள் போயிருந்தது.

"கிரிக்கெட் முடியற செப்டம்பர் வரைக்கும் டிஷ்ஷை நீங்களே வச்சிருங்க," என்றார் இத்வால். "நாங்க நாளைக்குக் கிளம்பறோம்."

இன்னும் பத்து நாளுக்கு இடம் பதிவு செய்திருந்தார்கள். ஆனால் புதன்கிழமை யெஸ்டின் போன தேதி என்று எலினெட்டுக்குத் தெரியும். வழிக்கென்று ஹெட்லி கை நிறைய சாசேஜ் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். இதை யார்க்‌ஷயருக்குத் தெற்கே யாருக்கும் சரியாகச் செய்யத் தெரியாது என்றார். பிறகு எலினெட்டின் கையைப் பிடித்துச் சற்று நேரம் விடாமல் இருந்தார்.

புதன்கிழமை காலையில் கல்லறைத் தோட்டத்தில் புல் நனைந்திருந்தது. இத்வால் அங்கே வருவது அடக்கத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. எலினெட் கொண்டுவந்த பூக்களை வைத்தாள். அவர் கல்லில் இருந்த எழுத்தைப் படித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் வாசல் பக்கம் ஒரு வேன் வந்து நின்று, மைரிக் இறங்கினான். யெஸ்டினோடு வேலை பார்த்தவன். அன்றைக்குக் கம்பத்தடியில் நின்று கயிறு பிடித்திருந்தவன் அவன்தான். ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் வேலைக்குப் போகும் முன் அங்கே வருகிறவன். இத்வாலைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டான். மூன்று வருஷமாக இத்வால் அவனைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் நடந்துவிடுவார். அது ஊருக்கே தெரியும்.

இத்வால் அவனை நோக்கி நடந்தார். எலினெட் இருந்த இடத்திலேயே நின்றாள்.

"மைரிக்," என்றார். "அன்னைக்குக் காலைல வேன்ல வரும்போது அவன் என்ன பேசிக்கிட்டு வந்தான்? எனக்குச் சொல்லு."

மைரிக் ஒரு கணம் எலினெட்டைப் பார்த்தான். பிறகு சுற்றுச்சுவரைக் காட்டினான். இரண்டு பேரும் அதில் போய் உட்கார்ந்தார்கள். அவன் பேச ஆரம்பித்தான், முதலில் தரையைப் பார்த்து, பிறகு கையை ஆட்டி. ஏதோ ஓரிடத்தில் இத்வால் ஒரு கேள்வி கேட்டார், மைரிக் சிரித்துவிட்டான், சிரித்ததற்காகத் திடுக்கிட்டு நிறுத்தினான். இத்வால் அவன் தோளில் கை வைத்து, மேலே சொல்லு என்றார்.

எலினெட் காருக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். மென்னாவின் டேப்பை வாங்கப் போக வேண்டியிருந்தது. அவசரமில்லை என்று நினைத்தாள்.